பழைய மீனைக் கடைசியில் விட வேண்டும்

ராஜகீழ்ப்பாக்கம்
4-8-2025

அன்புள்ள ரத்தினம்,

இங்கே நான் நலம். நீயும் ஜோவிதாவும் மாப்பிள்ளையும் பேரன் ஃபிரெடியும் நலமாயிருக்கத் தினமும் ஜெபத்தில் கேட்கிறேன். நாம் இருவரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது என்று நம் மகள் ஒரு சட்டம் போட்டாள் அல்லவா? "ரெண்டு பேரும் லெட்டர் எழுதிக்கோங்கப்பா, எழுதி முடிக்கிறதுக்குள்ள பாதிக் கோபம் போயிடும்." அந்தச் சட்டத்தை மதித்து, அரைமணி நேரம் பேனாவைத் தேடி எடுத்து எழுதுகிறேன். இங்கிருந்து கேளம்பாக்கம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தபாலுக்கு நான்கு நாள். ரிட்டயர் ஆனவனுக்கு என்ன அவசரம்!

ஒரு விஷயம் கேட்க வேண்டும். மீன் விஷயம்.

ஜனவரியில் தொட்டி வந்த அன்று விட்ட மீன்களை நீ பார்த்தாய். ஏஞ்சல் நான்கு, டைகர் பார்ப் எட்டு, தங்கமீன் ஆறு, விரல் நீளத்தில் ஓர் ஆஸ்கர். ஆறடித் தொட்டி கல்யாண வீடு மாதிரி இருந்தது. இப்போது ஆஸ்கர் மட்டும்தான் இருக்கிறது.

முதலில் டைகர் பார்ப்புகள் ஏஞ்சல்களின் நீளமான துடுப்புகளைக் கடித்துக் கடித்தே கொன்றன. தங்கமீன்கள் ஏப்ரல் வெயிலைத் தாங்கவில்லை. அப்புறம் டைகர் பார்ப்புகளும் குறைய ஆரம்பித்தன. காலையில் எழுந்ததும் ஆபீஸில் வருகைப் பதிவு எடுத்த மாதிரி எண்ணுவேன். எட்டு, ஏழு, ஐந்து. யாரைச் சந்தேகப்படுவது என்று எனக்குப் புரியவே இல்லை. ஆஸ்கர் மட்டும் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டு வந்தது. இப்போது ஒரு சாண் இருக்கிறது.

இதை ஜோவிதாவிடம் சொல்லவில்லை. "மீனெல்லாம் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால், "சூப்பரா இருக்கு" என்றுதான் சொல்லி வருகிறேன்.

அவ்வளவு பெரிய தொட்டியில் ஒற்றை மீன். இந்த முனைக்கு வரும், திரும்பும், அந்த முனைக்குப் போகும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டால் கண்ணாடியருகே வந்து நின்றுவிடும். சாயங்காலம் முழுக்க அது அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். குரோம்பேட்டை மோகன்ராஜ், அதான் மீன் கடைக்காரன், "இன்னோர் ஆஸ்கர் எடுத்துக்கினு போ சார், ரெண்டும் ஜாலியா கெடக்கும்" என்கிறான். அவனுக்கு விற்க வேண்டும். எனக்கு நம்பிக்கையில்லை.

இதோடு எந்த மீன் ஒத்து வரும்? நீ சொல்.

அசரியா


கேளம்பாக்கம்
11-8-2025

ஜோவிதா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கடைசியில் "நீ சொல்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான்கு தடவை படித்தேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் என்னிடம் ஒரு யோசனை கேட்பது இதுதான் முதல் தடவை. கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

தொட்டி வந்த அந்தச் சனிக்கிழமை நான் என்ன சொன்னேன்? "இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராதுங்க" என்று சொன்னேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மோகன்ராஜிடம், "அவங்களுக்கு என்ன தெரியும், நீ வுடுப்பா" என்றீர்கள். முப்பத்தொரு வருஷம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவளுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்! அவன் சிரித்தான். அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. தொட்டிக்கு இடம் வேண்டுமென்று ஹால் ஜன்னலோரம் இருந்த என் டியூஷன் மேஜை கார் ஷெட்டுக்குப் போயிற்று. சனிக்கிழமை தொட்டி வந்தது, திங்கட்கிழமை நான் பெட்டியோடு கிளம்பினேன். சபையில் எல்லாரிடமும் "பேரனைப் பார்த்துக்கப் போயிருக்கா" என்று சொன்னீர்களாம். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

போகட்டும். மீனைப் பற்றிக் கேட்டீர்கள்.

ஆஸ்கரைத் திட்டாதீர்கள். வாயில் நுழைவதெல்லாம் அதற்கு இரை. அதன் குணம் அது. அதன் வாயில் நுழையாத உயரத்தில், விரட்டினால் தப்பிக்கிற வேகத்தில் வேண்டும். உள்ளங்கை அளவுள்ள சில்வர் டாலர் ஆறு வாங்குங்கள். ஆறுக்குக் குறைந்தால் அவை பயந்து ஒடுங்கிவிடும், கூட்டமாக இருந்தால்தான் தைரியம். அடியில் பாறையோடு ஒட்டிக்கிடக்க ஒரு பெரிய சக்கர் மீன். அது தரையில், இவை நடுத்தண்ணீரில், யாரும் யாருக்கும் குறுக்கே வர மாட்டார்கள். அதோடு நிறுத்துங்கள். கலராக இருக்கிறது என்று வேறெதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். புது மீனை அப்படியே கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. முதலில் ஆஸ்கரைப் பிடித்து, காற்றுக்குழாய் போட்ட பெரிய வாளியில் விட்டு மூடி வையுங்கள். தொட்டியில் இருக்கிற கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். ஒன்றுகூட பழைய இடத்தில் இருக்கக் கூடாது. பிறகு புது மீன்களை விட்டு, விளக்கை அணைத்து, அரைமணி நேரம் அவை சுற்றிப் பார்க்கட்டும். அப்புறம்தான் ஆஸ்கர். இல்லாவிட்டால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். பழைய மீனைக் கடைசியில் விட வேண்டும். கீழே கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள்.

ஃபிரெடி நலம். நாள் முழுக்க அவன் பின்னால் ஓடவே எனக்குச் சரியாக இருக்கிறது.

ரத்தினபாய்


ராஜகீழ்ப்பாக்கம்
20-8-2025

அன்புள்ள ரத்தினம்,

டீச்சர் சொன்னபடியே எல்லாம் செய்து முடித்தாயிற்று. சில்வர் டாலர் ஆறு, சக்கர் ஒன்று. சக்கர் என் முன்கை நீளம் இருக்கிறது, முகத்தைப் பார்த்தால் எங்கள் பழைய ஆடிட்டர் மாதிரியே இருக்கிறது. வாளி, கல், விளக்கு, நீ எழுதியது ஒன்று விடாமல் செய்தேன்.

மோகன்ராஜ் மூக்கின்மேல் விரலை வைத்துவிட்டான். "சில்வர் டாலரா? கரீட்டா கேக்கிறியே சார், யாரு சொன்னது?" என்றான். "வீட்ல சொன்னாங்க" என்றேன். இந்த வார்த்தையை நான் சொல்லி எட்டு மாதமாகிறது. கடையில் நாலு பேர் இருந்தார்கள், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு தொட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆறும் வெள்ளிக்காசு மாதிரி ஒன்றாகத் திரும்புவதைப் பார்க்கணுமே! நீ பார்த்திருக்க வேண்டும்.

அசரியா


கேளம்பாக்கம்
26-8-2025

ஜோவிதா அப்பாவுக்கு,

சொன்னபடி செய்தீர்கள் என்று படித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. இன்னொரு டம்ளர் காபி போட்டு பால்கனியில் உட்கார்ந்து குடித்தேன். பதினோராவது மாடியிலிருந்து பார்த்தால் கார்கள் தெரியும், சத்தம் வராது. பகலில் இந்த வீட்டில் கேட்பது லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் ஒன்றுதான். எங்கள் தளத்தில் நின்றால் யாரோ வருகிறார்கள் என்று எழுந்து போவேன். எதிர் வீட்டுக்கு பார்சல் வந்திருக்கும்.

சக்கர் பகலில் வெளியே வருகிறதா? வராவிட்டால் கவலைப்படாதீர்கள், கூச்சம் போக நாளாகும். சில்வர் டாலர்களுக்குக் கீரை பிடிக்கும். பாலக் கீரையை லேசாக வெந்நீரில் போட்டெடுத்துக் கொடுங்கள். உங்களுக்குக் கீரை பிடிக்காது என்று தெரியும், அதையே சாக்காக வைத்து நீங்களும் ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள்.

ஆறும் ஒன்றாகத் திரும்புகிற விதத்தை இன்னும் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

ரத்தினபாய்


ராஜகீழ்ப்பாக்கம்
3-9-2025

அன்புள்ள ரத்தினம்,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. ஆறும் ஒன்றாகத் திரும்புவதை எழுதச் சொன்னாய். எழுத முடியவில்லை. நான்கு போய்விட்டன.

ஆஸ்கர் மூலைக்கு மூலை விரட்டி முட்டியது. ஒன்று மூடியின் இடைவெளி வழியாக வெளியே துள்ளி விழுந்து, காலையில் தரையில் காய்ந்து கிடந்தது. மூன்று சாப்பிடாமலேயே செத்தன. மிச்சம் இரண்டும் குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. சக்கர் பிழைத்தது, அதன் தோல் அப்படி.

உன் யோசனையில் பிழையில்லை. நான் பொய் எழுதினேன். ஆஸ்கரை நான் வாளியில் விடவே இல்லை. ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. புது மீன்களைப் பையோடு கொண்டுவந்து கொட்டினேன்.

வலையை எடுத்துக்கொண்டு போனேன், ரத்தினம். நம்பு. அது தீனிக்குத்தான் வருகிறேன் என்று நினைத்து என் கைக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தது. இந்த எட்டு மாதத்தில் நான் வீட்டுக்குள் வந்தால் திரும்பிப் பார்த்த ஒரே ஜீவன் அது. அதைப் போய் வாளியில் போட்டு மூட மனசு வரவில்லை. அதோட வீடு, அதை எதற்கு வெளியே எடுக்க வேண்டும், வந்தவங்க அனுசரிச்சுப் போகட்டும் என்று நினைத்தேன்.

உனக்குச் சந்தோஷமாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்ற ஆசையில் செய்ததாக எழுதிவிட்டேன். நீ இன்னொரு காபி குடித்தேன் என்று எழுதியதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அசரியா


கேளம்பாக்கம்
9-9-2025

ஜோவிதா அப்பாவுக்கு,

நான்கு மீன் செத்ததற்காக எனக்குக் கோபமில்லை. பொய் சொன்னதற்குக்கூட இல்லை, உண்மையை நீங்களே எழுதிவிட்டீர்கள். "வந்தவங்க அனுசரிச்சுப் போகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் கோபம்.

இந்த வார்த்தையை நீங்கள் எப்போது முதலில் சொன்னீர்கள் தெரியுமா? கல்யாணமான மூன்றாம் நாள். என் புத்தக அலமாரியை ஹாலில் வைக்கலாமா என்று கேட்டேன். "இது அப்பா கட்டின வீடு, எல்லாம் அது அது இருக்கிற இடத்துல இருக்கு. வந்தவங்கதான் அனுசரிச்சுக்கணும்" என்றீர்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பல் தேய்த்துக்கொண்டே சொன்னீர்கள். அனுசரித்தேன். அலமாரிக்குப் பதிலாக என் புத்தகங்கள் இருபது வருஷம் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் கிடந்தன. ரிட்டயர் ஆன பிறகு ஒரு மேஜை போட்டு, ஐந்து பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அந்த வீட்டில் நான் கேட்டு வாங்கிய ஒரே இடம் அந்த ஜன்னலோரம். அதில்தான் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தீர்கள்.

நீங்கள் உண்மையை எழுதியதால் நானும் எழுதுகிறேன். ஃபிரெடி பின்னால் நான் ஓடவில்லை. ஜூன் மாதத்திலிருந்து அவன் ப்ளே ஸ்கூலுக்குப் போகிறான், அங்கேயே சாயங்காலம் வரை வைத்துக்கொள்கிறார்கள். காலை எட்டரைக்கு மூன்று பேரும் கிளம்பினால் ராத்திரி ஏழரைக்குத்தான் வருவார்கள். பதினொரு மணி நேரம் நான் தனியாக இருக்கிறேன். ஒரு கோப்பையைக் கழுவி வைப்பேன், அப்புறம் இன்னொரு தடவை கழுவுவேன். ஜோவிதா அன்பாகத்தான் இருக்கிறாள். ஆனால் போன வாரம் என் அறையைப் பற்றி மாப்பிள்ளையிடம், "அம்மா போனப்புறம் அதை ஆபீஸ் ரூமா மாத்திக்கலாம்" என்று சொன்னது காதில் விழுந்தது. தப்பாகச் சொல்லவில்லை. நான் போவேன் என்று அவள் நினைக்கிறாள். எங்கே போவேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதமே கிளம்பியிருக்கலாம். யாரும் கூப்பிடவில்லை.

ரத்தினபாய்


ராஜகீழ்ப்பாக்கம்
19-9-2025

அன்புள்ள ரத்தினம்,

உன் கடிதம் வந்தது. மூன்றாம் நாள் மோகன்ராஜ் கடைக்குப் போய் சில்வர் டாலர் நான்கு வாங்கி வந்தேன்.

இந்தத் தடவை ஆஸ்கரைப் பிடித்தேன். வாளியில் விட்டேன். காற்றுக்குழாய் போட்டேன், மூடினேன். உள்ளே டமடமவென்று அடித்துக்கொண்டது. கையை நனைத்துக்கொண்டு எல்லாக் கல்லையும் புரட்டினேன், கட்டையை எதிர் மூலைக்கு மாற்றினேன். புது மீன்களை விட்டு விளக்கை அணைத்து, கடிகாரத்தைப் பார்த்து அரைமணி நேரம் உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தால் ஆஸ்கர் ஒருக்களித்துப் படுத்துக்கிடந்தது. அசையவில்லை. கொன்றுவிட்டேன் என்று நினைத்து அழுதேன், ரத்தினம். அறுபத்தாறு வயசில் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மோகன்ராஜுக்கு போன் செய்தேன். "அது செத்துல்லாம் போவல சார், கோச்சிக்கினு கீது. தண்ணியில வுடு, தானா எயுந்துக்கும்" என்றான். விட்டேன். ஒன்றரை நாள் அப்படியே தரையில் படுத்திருந்துவிட்டு, பிறகு எழுந்தது. சுற்றிப் பார்த்தது. எதுவும் இருந்த இடத்தில் இல்லை. பேசாமல் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. ஆறும் அதைத் தாண்டிப் போகின்றன. இந்தத் தடவை பொய்யில்லை. வேண்டுமானால் எதிர்வீட்டு ஞானாம்பாள் மாமியைக் கேள், அவர்கள் வந்து பார்த்தார்கள்.

அதைப் பார்த்த பிறகு இன்னொன்று செய்தேன். உன் மேஜையை ஷெட்டிலிருந்து துடைத்து எடுத்து வந்தேன். ஒரு கால் மழையில் உப்பியிருக்கிறது, தச்சரை வைத்துச் சரிசெய்தேன். என் நாற்காலி, அப்பாவின் பெரிய அலமாரி, டிவி ஸ்டாண்டு, சோபா எல்லாவற்றையும் ஆபீஸ் நண்பன் வில்பிரட்டின் உதவியோடு ஹால் நடுவில் இழுத்துப் போட்டுவிட்டேன். தொட்டியை மட்டும் நகர்த்த முடியவில்லை, அறுநூறு லிட்டர் தண்ணீர். மற்றபடி இந்த வீட்டில் எதுவும் இருந்த இடத்தில் இல்லை.

நாளைக் காலை நான் குரோம்பேட்டையில் வில்பிரட் வீட்டு மாடி அறைக்குப் போகிறேன். அவனும் தனி ஆள்தான், ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது. சாவி ஞானாம்பாள் மாமியிடம் இருக்கும். உனக்கு மனசிருந்தால் நீ முதலில் உள்ளே போ. எது எங்கே என்று நீ வை. நீ எழுதினால் நான் வருகிறேன். எழுதாவிட்டால் அதுவும் உன் முடிவு. மீனுக்கு மாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு தீனி போடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் மாதம் நான் கூப்பிட்டிருக்க வேண்டும். இப்போது கூப்பிடுகிறேன்.

அசரியா


ராஜகீழ்ப்பாக்கம்
27-9-2025

ஜோவிதா அப்பாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். வந்து மூன்று நாளாகிறது.

கதவைத் திறந்ததும் ஹால் நடுவில் எல்லாம் குவிந்து கிடந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன். வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. குவியலின் மேலே என் மேஜை. எங்கே போடுவது என்று நீங்கள் ஒரு முடிவும் செய்யாமல் வைத்திருந்தீர்கள். உங்களோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. மாமி காபி கொண்டுவந்தார்கள். "என்னடி இது, வீடு காலி பண்றேளா?" என்று கேட்டார்கள். "இல்ல மாமி, குடி வரேன்" என்றேன்.

முதல் நாள் நன்றாக இருந்தது. முப்பத்தாறு வருஷத்தில் இந்த வீட்டில் நான் தனியாக ஒரு நாள்கூட இருந்ததில்லை. மேஜையைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே போட்டேன், அந்த வெளிச்சம் படிக்க நன்றாக இருக்கிறது. உங்கள் அப்பா அலமாரியில் மேல் தட்டு இரண்டும் இனி என் புத்தகங்களுக்கு. உங்கள் நாற்காலியையும் ஓரிடத்தில் போட்டிருக்கிறேன். உங்களைக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் சமையலறையைக் கழுவினேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி மட்டும் பளபளவென்று இருந்தன. மற்றப் பாத்திரமெல்லாம் நான் விட்டுப்போன வரிசையிலேயே தூசி படிந்திருந்தன. சாயங்காலம் மீன் கண்ணாடியருகே வந்து நின்றது. என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து பார்த்தது. அது தேடுவது என்னை இல்லை. ஒரே ஒரு ராத்திரிக்கே எனக்கு இந்த ஹால் தாங்கவில்லை. நீங்கள் எட்டு மாதம் இங்கே எப்படி உட்கார்ந்திருந்தீர்கள்?

சேர்ந்து இருந்தால் ஒத்து வருமா என்று எனக்குத் தெரியாது. புது மீனுக்கே இரண்டு வாரம் பார்க்க வேண்டும் என்பார்கள். நாம் பழைய மீன்கள், அதைவிடக் கூடுதலாகவே ஆகும். மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்தால் வரட்டும், எதிரில் உட்கார்ந்து போட்டுக்கொள்வோம்.

இந்தக் கடிதத்தை நேற்றே எழுதி ஒட்டிவிட்டேன். தபாலில் போட்டால் நான்கு நாள். அதற்குள் இன்னும் நான்கு சாயங்காலம் அந்த மீனுக்கு என்ன பதில் சொல்வது? பிரித்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். உறையில் தபால்தலை இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். வில்பிரட் சாரிடம் கொடுத்தனுப்பிவிட்டு அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறேன்.

கோபித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தால் எழுந்திருங்கள். பையை எடுத்துக்கொண்டு கீழே வாருங்கள். போகிற வழியில் மோகன்ராஜ் கடையில் நிற்க வேண்டும், மீன் தீனி தீர்ந்துவிட்டது.

ரத்தினம்